மாந்தோப்புக்குச் சிக்னல் வந்த கதை

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களை மறுபடி பேசப் பழக்குவது என் வேலை. அடையாறில் ஒரு மருத்துவமனையில் பல வருஷம் இருந்தேன். இப்போது அபிராமபுரத்தில் என் வீட்டு முன்னறையிலேயே வகுப்பு வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் வருவார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு வீடியோவில்.

அண்ணாச்சி முதலில் நேரில் வந்தவர்தான். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் பாத்திரக் கடை வைத்திருந்தார். இளவயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். கடையில் வேலை பார்ப்பவர்களிலிருந்து எதிர்ச்சாரி நகைக்கடை முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். எனக்கும் அப்படியே ஆனார். ஒருநாள் காலை கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைக்கக் கையைத் தூக்கியவர், தூக்கிய கை நிற்காமல் அப்படியே சரிந்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லாமல் தப்பினார். சில மாதங்களில் மெதுவாக நடக்கவும் முடிந்தது. வலது கை பாதிதான் வந்தது. பேச்சு வரவே இல்லை.

அவருடைய புத்தியில் ஒரு குறையும் இல்லை. நாம் சொல்வது அத்தனையும் புரியும். சொல்ல வேண்டிய சொல் தனக்குள் இருப்பதும் அவருக்குத் தெரியும். அது வாய்க்கு வராது, அவ்வளவுதான். நான் ஒரு டம்ளரை நீட்டி, "இது என்ன அண்ணாச்சி?" என்று கேட்பேன். வாழ்நாளெல்லாம் டம்ளர் விற்ற மனிதர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உதடு அசையும். நெற்றி வேர்க்கும். ஆனால் "ஒண்ணு" என்று நான் எடுத்துக் கொடுத்தால், "ரெண்டு, மூணு" என்று பத்து வரைக்கும் தட்டாமல் போய்விடுவார். கிழமைகளும் அப்படியே வரும். வாய்க்குப் பழகிய சொற்கள் தாமாக வந்துவிடுகின்றன. தேடி எடுக்க வேண்டிய சொல்தான் சிக்கிக்கொள்கிறது. இந்த நோயில் இது சகஜம்.

கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. எல்லோரும் பிரியமானவர்கள்தான். "எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். கொஞ்ச நாளில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போகத் தொடங்கினார். ஒரு மாலை மகனின் கார் சாவியை எடுத்து இடது கையில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மாந்தோப்புப் படத்தைக் காட்டினார். மதுராந்தகம் தாண்டிக் கிளைச் சாலையில் உள்ளே தள்ளி, எப்போதோ ஒரு முதலீடு என்று வாங்கிப் போட்ட தோப்பு அது. அதில் இரண்டு அறை வைத்த ஒரு சின்னக் காங்கிரீட் வீடு.

"தோப்புக்கா போகணும்ங்கிறீங்க?" என்று மகன் கேட்டான். அண்ணாச்சி சாவியை அவன் கையில் வைத்தார்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். புறப்படுவதற்கு முந்தின வகுப்பில் அக்கா என்னிடம் ஆற்றாமையாகச் சொன்னாள்: "அங்க போயி இருக்கணும்னு எனக்கு ஒருநாளும் ஆச கெடயாது டீச்சர். ஒரு காப்பிப்பொடி தீந்துபோனாலும் வண்டி எடுக்கணும். பூச்சி பொட்டு வேற. ஆனா அங்க போனா இவுக மொகம் தெளியுது. அதப் பாத்தப்பெறவு நான் என்ன சொல்ல முடியும்?"

அப்படித்தான் அண்ணாச்சிக்கும் வீடியோ வகுப்பு என்றானது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. என் தொழிலில் பேச்சைவிட மௌனம் முக்கியம். ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன், எப்போது எடுத்துக் கொடுக்கிறேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் எடுத்துக் கொடுத்தால் அவர் தேடுவதை விட்டுவிடுவார். தாமதித்தால் மனம் ஒடிந்துவிடும். தோப்பிலோ சிக்னல் இருந்தும் இல்லாத மாதிரி. திரையில் அண்ணாச்சி அசையாமல் இருப்பார். சொல்லைத் தேடுகிறாரா, நெட் நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் சாவியைக் காட்டி, இது என்ன என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு தீவிரம். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். என் போன் அடித்தது. அக்கா தோப்பு கேட்டுக்கு வெளியே வந்து நின்று பேசினாள். "டீச்சர், கரெண்டு கிரெண்டு போயிருச்சா அங்க? உங்க மொகம் அப்பமே நின்னு போச்சே." நான் காத்திருந்தது ஒரு போட்டோவுக்கு முன்னால்.

இன்னொரு நாள் நேர் எதிர். அவர் அசையாமல் இருந்தார். நெட்தான் என்று நினைத்து, "அக்கா, படம் நின்னுடுச்சு, நான் கட் பண்ணிட்டுத் திரும்ப வரேன்" என்றேன். படம் நிற்கவில்லை. மனிதர் முழு மூச்சாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தோப்புக்குள் போய்விட்டார். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை.

அதற்கு அக்காதான் ஒரு வழி செய்தாள். அடுத்த வகுப்பில் பார்த்தால் அண்ணாச்சிக்குப் பின்னால் ஒரு மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. "ரிப்பன் ஆடுனா நெட்டு இருக்குன்னு வச்சிக்கிடுங்க டீச்சர். இவுகதான் யோசிக்கிறாகன்னு அர்த்தம்." அதில் ஓரளவு சமாளித்தோம். ஆனால் ரிப்பன் நின்ற நேரம்தான் அதிகம்.

மகன் என்னென்னவோ செய்து பார்த்தான். கேபிள் போடுகிறவர்கள் சாலையிலிருந்து தோப்பு வரைக்கும் கம்பம் நட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. ஜன்னலோரம் வைக்கிற சின்ன வைஃபை பெட்டி ஒன்றை வாங்கி வைத்தான். அது அவர்கள் போனைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. கடைசியில், கடையில் கேமரா மாட்டிய ஆளைக் கூப்பிட்டான். நான் அன்றைக்குக் குக்கருக்கு காஸ்கெட் வாங்க அந்தக் கடைக்குப் போயிருந்ததால் பேச்சு என் முன்னால்தான் நடந்தது.

கேமராக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு அடையாற்றுக் கரையில் குடியிருந்தவர். இப்போது பெரும்பாக்கத்தில். கையில் அவர் காட்டியது வெள்ளையாக, தட்டையாக, ஒரு பெரிய சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது.

"இன்னா விஷயம்னா மேடம், தோப்புல மோடம் ஊட்டுக்குள்ள கீது. சுவரு, மரம்லாம் தாண்டி சிக்னல் உள்ள வரதுக்குள்ள செத்துப்போவுது. இத்த மொட்ட மாடில பைப்பு நட்டு மேல மாட்டிடுவோம். ஆண்டனாவும் மோடமும் ரெண்டும் இதுக்குள்ளயே கீது. சிம்மு இங்க போடணும். கீழ ஒரே ஒரு வயரு வரும். கரெண்டும் அதுலதான் மேல போவும், நெட்டும் அதுலதான் கீழ வரும்."

"மழை பெஞ்சா?" என்று மகன் கேட்டான்.

"நனையறதுக்குன்னே செஞ்சது நைனா இது. டவரு பக்கமா மட்டும் கரெக்டா திருப்பி வெக்கணும். அதான் வேலையே."

திருப்பி வைக்கும் நாளன்று என்னையும் வீடியோவில் இருக்கச் சொன்னார்கள். போனில் வரும் எண்களைப் பார்த்துச் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று மாட்டிவிட்டால், பிறகு வீடியோ ஓடாமல் போகலாம், ஆகவே வகுப்பு மாதிரியே பேசிப் பார்த்துவிடலாம் என்பது கேமராக்காரரின் எண்ணம். மகனுக்குக் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், வர முடியவில்லை. கேமராக்காரர் தனியாக மோட்டார் சைக்கிளில் பெட்டியும் வயருமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காலை வேளை. நான் அபிராமபுரத்தில் என் மேசை முன்னால். திரையில் அண்ணாச்சி நேராக உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சட்டைகூடப் புதிது. அக்கா அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றாள். அவள் வேலை, திரையில் என் முகம் எப்படித் தெரிகிறது என்று பார்த்து ஜன்னல் வழியாக மாடிக்குச் சொல்வது.

முதலில் கேமராக்காரர் ஏரிக்கரைப் பக்கம் தெரிந்த டவரை நோக்கித் திருப்பினார். கண்ணுக்கு எதிரே இருந்த டவர் அது. ஆனால் நடுவில் வரிசையாக மரங்கள். என் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது என்று அக்கா சொன்னாள். பிறகு நெடுஞ்சாலைப் பக்கம் தூரத்து டவர். கேமராக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே கேட்பார், "எப்டி கீதும்மா?" அக்கா கத்துவாள், "டீச்சர் வாய் அசையுது, சத்தம் வரல." மறுபடி, "இப்போம்மா?" "சத்தம் வருது, வாய் அசையல." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சியும் ஒரு பக்கமாகச் சிரித்தார்.

அப்போது பார்த்து யாருடைய மாடோ வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. "அய்யய்ய, கன்னுச் செடி எல்லாம் போச்சு" என்று அக்கா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அறையில் அண்ணாச்சி மட்டும். மேலே இருப்பவருக்கு அக்கா போனது தெரியாது. திருப்பிக்கொண்டே இருந்தார். திடீரென்று படம் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. அண்ணாச்சியின் புருவத்தில் ஓடிய நரை முடிகூட எனக்குத் தெரிந்தது. அவருக்கும் நான் அப்படித் தெரிந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது.

"இப்போ எப்டிம்மா?" என்று மேலிருந்து குரல். பதில் இல்லை. இன்னும் நன்றாக வரவில்லை போலிருக்கிறது என்று அவர் மேலும் திருப்பிவிட்டார். படம் கலங்கியது.

அண்ணாச்சி மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். இடது கையால் மேசையைத் தட்டினார். வாய் திறந்து மூடியது. எடுத்துக் கொடுக்க என்னிடமும் ஒன்றும் இல்லை. மேலிருந்து மறுபடி குரல், "இதாம்மா? இத்த டைட் பண்ணிடவா?"

"அதுல்ல," என்றார் அண்ணாச்சி.

பெரிய குரல். கீழிருந்து மேலே எட்டுகிற குரல். "அதுல்ல... அதுக்குப் பக்கத்துல உள்ளது."

மேலே பைப்பு கிறீச்சிட்டது. பிறகு, "இந்தப் பக்கமா அண்ணாச்சி?"

"ஆ... அதான். அதான்."

படம் தெளிந்து நின்றது. அக்கா மூச்சிரைக்க ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள், கையில் கம்போடு. "யாரு பேசுனது?" என்று என்னிடம் கேட்டாள். அண்ணாச்சிதான் என்றேன். அவள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "மாடு ஓடிப்போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. பாத்திரக் கடையில் பொருளெல்லாம் உச்சியில், பரணில்தான். கடை ஆள் ஏணியில் நிற்பான். கீழே வாடிக்கையாளர் ஒரு போகணியைக் காட்டுவார். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "அதுல்ல, அதுக்குப் பக்கத்துல உள்ளது" என்பார். முப்பது வருஷத்துக்கு மேலாக, ஒரு நாளில் எத்தனையோ தடவை. ஒன்று இரண்டு எண்ணுவதுபோல் அதுவும் வாய்க்குப் பழகியது. ஆனால் இந்த முறை அது தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட பொருளோடு வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பட அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் வகுப்பை நான் என் வீட்டில் நடத்தவில்லை. காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் தி.நகர் கடைக்குப் போய், கல்லாப் பெட்டி மேல் என் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தேன். மகன் ஏணியில் ஏறினான். தோப்பிலிருந்து அண்ணாச்சி திரையில். நான் வாடிக்கையாளர்.

"எனக்கு ஒரு இட்லி குண்டான் வேணும் அண்ணாச்சி" என்றேன்.

மகன் வேண்டுமென்றே ஒரு வாளியை எடுத்துக் காட்டினான். "அதுல்ல." ஒரு அண்டாவைக் காட்டினான். "அதுல்ல. பக்கத்துல." அப்புறம் கொஞ்ச நேரம் தேடினார். பின்னால் ஜன்னலில் வேப்பமரக் கிளை ஆடியது தெளிவாகத் தெரிந்தது. அந்த மௌனம் முழுக்க அவருடையது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால் நிம்மதியாகக் காத்திருக்க முடிந்தது. "கு... குண்டான்" என்றார்.

அன்றைக்குக் குண்டான், கரண்டி, தட்டு மூன்றும் வந்தன. டம்ளர் அடுத்த மாதம்தான் வந்தது. அது ஏன் அவரை அவ்வளவு அலைக்கழித்தது என்று எனக்குத் தெரியாது.

அதன்பின் அந்த வகுப்பு கடையில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் நிஜ வாடிக்கையாளரே வந்துவிட்டார், மாம்பலத்து மாமி ஒருத்தர். பித்தளைச் சொம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மகனிடம் விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையைக் கவனித்ததும், "அண்ணாச்சி, சௌக்கியமா? பாருங்கோ உங்க பிள்ளை ஒரு ரூபா விட மாட்டேங்கறான். ஆத்துல விசேஷம், நீங்களாவது சொல்லுங்கோ" என்றார். அண்ணாச்சி சொம்பை உற்றுப் பார்த்தார்.

"கட்டாது" என்றார்.

மாமி சிரித்துக்கொண்டே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனார். எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தலையைக் குனிந்தவர், இப்போது திரைக்குள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து அடுத்த வாடிக்கையாளர் வருகிறாரா என்று பார்த்தார்.

மாடியிலிருந்த பெட்டி மழைக்குத் தாங்கியது. பெரிய காற்று அடித்த நாட்களிலும் தாங்கியது. ஒரே ஒரு தடவைதான் மக்கர். ஒரு வியாழக்கிழமை வகுப்பு நேரம் தாண்டியும் திரை இருட்டாகவே இருந்தது. போன் அடித்தது. எடுத்தேன். அக்காவின் எண். ஆனால் குரல் அவளுடையது இல்லை.

"டீச்சர்," என்றார் அண்ணாச்சி. நெடுநேரம் மூச்சுச் சத்தம். "இல்ல. இன்னைக்கி... இல்ல. குரங்கு."

அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. குரங்கு என்ற சொல்லை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. மொட்டை மாடியில் ஒரு குரங்கு குழாயைப் பிடித்து ஆடிப் பெட்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. கேமராக்காரர் வந்து சரிசெய்து, குழாயைச் சுற்றி முள்ளுக்கம்பி கட்டிவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணாச்சி பழையபடி பேசுகிறார் என்று சொன்னால் அது பொய். நீண்ட வாக்கியம் வராது. பெயர்கள் இன்னும் தடுக்கும். மருமகளை மகன் பெயரால் கூப்பிடுவார், அவளும் வந்து நிற்பாள். ஆனாலும் வேண்டியதைக் கேட்கிறார், வேண்டாததை மறுக்கிறார். அக்காவுக்கும் தோப்பு பிடித்துப்போய்விட்டது. தென்காசியில் இருக்கும் தங்கையோடு தினமும் சாயங்காலம் வீடியோவில் பேசுகிறாள். தி.நகர் வீட்டிலே அந்த நேரத்துக்கு நான் எங்கே உட்கார்ந்தேன், கடைக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டுதானே கிடந்தேன் என்கிறாள்.

போன வாரம் வகுப்பில், "காலையில என்ன சாப்பிட்டீங்க அண்ணாச்சி?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"தோசை," என்றார். பிறகு முகத்தைச் சுளித்தார். "சட்னி... உப்பு."

"உப்பா?" என்று அக்கா திரைக்குள் வந்தாள். "நான் ருசி பாத்துத்தான் வச்சேன். உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துது."

"இல்ல."

"என்ன இல்ல?"

"உப்பு... கூட. நேத்தும்."

"நேத்து சட்னியே வைக்கல. நேத்து வச்சது சாம்பாரு."

"அதுலயும்," என்றார் அண்ணாச்சி.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா டீச்சர், எப்படிச் சண்டைக்கு வாராகன்னு?" சொல்லும்போதே அவள் முகம் சிரித்துவிட்டது. உடனே திரும்பி, இத்தனை வருஷச் சமையலில் அவர் ஒருநாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னதுண்டா என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி, பதிலுக்கு ஒரு சொல்லைத் தேடினார். அவள் காத்திருந்தாள்.

நான் என் மைக்கை அணைத்துவிட்டுக் காப்பி போட அடுப்படிக்குப் போனேன். டம்ளரோடு திரும்பி வந்தபோதும் முடிந்திருக்கவில்லை. பேச்சு உப்பை விட்டு, மகன் கல்யாணத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்த புடவையின் நிறத்துக்குப் போயிருந்தது.